தானம், பத்திரம், வழக்கு: ஜெகந்நாதன் நிலம் தேடிய வழி

நாகை மாவட்டத்துக் கீழ்வேளூர், திருக்குவளைப் பக்கத்துக் கிராமங்களில் சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள் ஒரு கிரயப் பத்திரம் இருக்கும். மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழோடும் சேர்த்து வைத்திருப்பார்கள். சொத்து விவரத்தில் ஒரு ஏக்கர் நன்செய். எழுதி வாங்கியவர் ஒரு பெண். அவருடைய அம்மாவும் மாமியாரும் அதே வட்டாரத்து வயல்களில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள், அறுத்தவர்கள். வரப்போரத்துக் கீரையைத் தவிர அங்கே எதையும் உரிமையோடு கிள்ளி வந்ததில்லை.

அந்தப் பத்திரம் எப்படி வந்தது என்று நூல் பிடித்துக்கொண்டே போனால், 1930-ல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை உதறிய ஒரு மாணவரிடம் போய் நிற்போம். அவர் பெயர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். பழைய ராமநாதபுரம் மாவட்டத்துச் செங்கப்படை என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 2013 பிப்ரவரியில் இறந்தார்.

இவரைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் அஞ்சலிக் கட்டுரைகளாகவே இருக்கின்றன. கதர், எளிமை, சிறை, உண்ணாவிரதம், விருது என்று வரிசையாகச் சொல்லி, மாலை போட்டு முடித்துவிடுவார்கள். அந்த விவரங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் களப்பணிக்கு வருகிற இளைஞர் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. 'நம்மால் இப்படி ஆக முடியாது' என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் இங்கே அவர் வாழ்க்கையை ஒரு நிகழ்வாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன். கேள்வி ஒன்றுதான்: நிலம் இல்லாதவருக்கு நிலம் வாங்கிக் கொடுக்க ஒரு மனிதர் ஐம்பது ஆண்டுகள் முயன்றார், எந்தெந்த வழியில் போனார், ஒவ்வொரு வழியும் எங்கே போய் முட்டியது, முட்டிய பிறகு என்ன செய்தார்?

சுருக்கமாகச் சொன்னால், அவர் முதலில் கேட்டுப் பார்த்தார். பிறகு மறித்து உட்கார்ந்தார். பிறகு விலை கொடுத்து வாங்கினார். கடைசியில் வழக்குப் போட்டார். இந்த மாற்றங்களைச் சறுக்கல் என்று சொன்னவர்கள் உண்டு. அவருடைய திறமையே இந்த மாற்றங்களில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

விடுதலைக்கு முன்

இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கலாம். தலைமுறையே நடந்த பாதை அது. 1930 உப்புச் சத்தியாக்கிரக ஆண்டு. தண்டியில் காந்தி உப்பெடுத்த சில நாட்களில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். படிப்பை விட்டவர்கள், வக்கீல் தொழிலை விட்டவர்கள், வீட்டை விட்டவர்கள் என்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊருக்கும் சொல்ல ஒரு பெயர் உண்டு. ஜெகந்நாதன் அவர்களில் ஒருவர். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கலந்துகொண்டு, விடுதலைக்கு முன் மூன்றரை ஆண்டுகள் சிறையில் இருந்தார். அந்தக் காலத்தில் அவருடைய நெருங்கிய தோழர்களில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து மிஷனரியாக வந்து, காந்தி பக்கம் சாய்ந்து, ஆங்கில அரசால் நாட்டை விட்டு அனுப்பப்பட்ட ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். காந்திகிராமத்தில் இருவரோடும் சேர்த்துப் பேசப்படும் 'ஊழியரகம்' பிற்காலத்தில் ஜெகந்நாதனின் வீடாகவே ஆனது.

ஆனால் ஒரு முடிவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விடுதலை பெற்ற நாட்டில்தான் திருமணம், அதுவும் தலித் பெண்ணோடுதான் என்று உறுதி எடுத்திருந்தார். 1950 ஜூலையில் கிருஷ்ணம்மாளை மணந்தார். கிருஷ்ணம்மாள் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த வீடு. வயிற்றுப் பிள்ளையோடும் கூலி வேலைக்குப் போன அம்மாவைப் பார்த்து வளர்ந்தவர். டி.எஸ். சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் பட்டப்படிப்பு முடித்தார். காந்தி 1946-ல் மதுரைக்கு வந்தபோது அவரைப் பார்த்தவர்.

இதை ஒரு 'புரட்சித் திருமணம்' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிகழ்வு ஆய்வு என்ற முறையில் பார்த்தால் இந்தத் திருமணம் இந்த வேலையின் அடித்தளம். நிலம் உள்ள வீட்டிலிருந்து வந்தவருக்கு நிலம் ஒரு கொள்கை. நிலம் இல்லாத வீட்டிலிருந்து வந்தவருக்கு அது அடுத்த வேளைச் சோறு. ஒருவர் பண்ணையாரின் திண்ணையில் சரிக்குச் சரியாக உட்கார்ந்து பேச முடியும். இன்னொருவர் சேரிக்குள் போய் ஒரு பாயைப் போட்டு மாதக்கணக்கில் தங்க முடியும். பின்னால் வரப்போகும் எல்லாமே இந்த இரண்டு கதவுகளும் சேர்ந்து திறந்ததால் நடந்தவை. ஊர்களில் அவர்களை 'அப்பா', 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். 'அம்மா' என்ற பெயருக்குத்தான் நாகைப் பக்கம் இன்றும் கூடுதல் செல்வாக்கு.

கேட்டு வாங்கிய நிலம்

1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் காந்தியின் சீடர் வினோபா பாவேயிடம் நிலமற்ற தலித் மக்கள் நிலம் கேட்டார்கள். கூட்டத்தில் இருந்த ராமச்சந்திர ரெட்டி என்ற நில உடைமையாளர் எழுந்து நூறு ஏக்கர் தருகிறேன் என்றார். நிலத்தைத் தானமாகக் கேட்கும் பூதான இயக்கம் அங்கே பிறந்தது. ஜெகந்நாதன் வட இந்தியாவில் வினோபாவோடு நடந்தார். கிருஷ்ணம்மாள் அப்போது சென்னையில் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெகந்நாதன் தமிழ்நாட்டுக்குத் திரும்பி இங்கே பூதானத்தைத் தொடங்கினார்.

'உங்களுக்கு ஐந்து பிள்ளை என்றால் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்து ஆறில் ஒரு பங்கு கொடுங்கள்' என்பதுதான் வினோபா கேட்ட கேள்வியின் சாரம். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. அதன் கூர்மை, நிலம் வைத்திருப்பவரை எதிரியாக நிறுத்தாமல் தகப்பன் இடத்தில் உட்கார வைத்துவிடுவதில் இருக்கிறது. தகப்பன் 'இல்லை' என்று சொல்வது கடினம். நாடு முழுக்க ஏறத்தாழ 40 லட்சம் ஏக்கர் தானமாக எழுதப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் பேச்சால் மட்டும் இவ்வளவு நிலம் கை மாற ஒப்புக்கொண்டதில்லை. அதே சமயம் வினோபா வைத்த இலக்கு 5 கோடி ஏக்கர்.

எங்கே முட்டியது? தானம் கொடுப்பவர் எந்த நிலத்தைக் கொடுப்பார் என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாறை, களர், கருவேலங்காடு, கோர்ட்டில் வழக்கு நடக்கும் துண்டு, பங்காளி ஒப்பாத பாகம். நல்ல நிலமும் வந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மேடையில் எழுந்து 'பத்து ஏக்கர்' என்று சொல்வதற்கும், அந்தப் பத்து ஏக்கருக்கு சர்வே எண் கண்டுபிடித்து, அளந்து, கல் நட்டு, பட்டா மாற்றுவதற்கும் நடுவே ஒரு தாலுகா அலுவலகம் இருக்கிறது. கொடுத்தவர் இறந்த பிறகு வாரிசுகள் 'அப்பா ஏதோ உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார்' என்பார்கள். இங்கே 1958-ல் பூதான யக்ஞச் சட்டம் வந்து, நிலத்தை முறைப்படுத்த ஒரு வாரியம் அமைந்தது. அதற்கு முன்பே காகிதத்தில் மட்டும் இருந்த ஏக்கர்கள் ஏராளம்.

நிலம் கைக்கு வந்த பிறகும் சிக்கல். ஏர் கிடையாது, மாடு கிடையாது, கிணறு கிடையாது. வறண்ட புன்செய் நிலத்தை வைத்துக்கொண்டு ஒரு கூலிக்காரக் குடும்பம் என்ன செய்யும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் 1960களின் இறுதியில் பூதான நிலங்களைப் பண்ணையாக்கும் முயற்சி பிறந்தது. இத்தாலியரான ஜோவன்னி எர்மிலியாவும் இங்கிருந்த சர்வோதயத் தோழர்களும் (காந்தி, வினோபா வழியில் வேலை செய்தவர்கள்) சேர்ந்து தொடங்கிய சர்வ சேவா பண்ணைகள் சங்கம் சிவகங்கைப் பக்கம் சேவலூரில் வேலையைத் தொடங்கியது. ஜெகந்நாதன் அதற்கு முன்னோடிகளில் ஒருவர்.

பூதானம் அடுத்த கட்டமாகக் கிராமதானம் ஆனது. ஊரே சேர்ந்து நில உரிமையைக் கிராம சபைக்கு எழுதிக் கொடுப்பது அது. மதுரை மாவட்டத்தில் அது வேகமாகப் பரவியது. ஆனால் நான் இங்கே கவனிக்கச் சொல்வது, அது பரவாத இடத்தை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் கிழக்குப் பகுதி. நிலம் எங்கே தங்கமாக விளைந்ததோ, எங்கே ஒரே குடும்பத்திடம் நூற்றுக்கணக்கான வேலி (தஞ்சை நில அளவு) நிலம் குவிந்திருந்ததோ, எங்கே சேரி ஆட்களுக்குச் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) சவுக்கடியும் பழக்கமான தண்டனைகளாக இருந்து கம்யூனிஸ்டுகள் போராடித்தான் நின்றனவோ, அங்கே 'ஆறாவது பிள்ளை' பேச்சு எடுபடவில்லை. காலே அரைக்கால் மா கூடப் பேரம் பேசி விற்கும் மிராசுதாரிடம் தானம் என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலுக்கு எழுதி வைப்பதுதான்.

வெண்மணிக்குப் பிறகு

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவர்கள் விவசாயக் கூலிகளான தலித் மக்கள். பின்னணியில் கூடுதல் கூலிக்கான கோரிக்கை, செங்கொடிச் சங்கம், அதற்கு எதிராக நில உடைமையாளர்கள் கட்டிய நெல் உற்பத்தியாளர் சங்கம். வழக்கில் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அத்தனை வசதியான மிராசுதார்கள் நேரில் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பில் எழுதப்பட்டது. அந்த வாசகத்தின் கசப்பு டெல்டாவில் இன்னும் போகவில்லை.

ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அங்கே போனார்கள். வந்து பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. தஞ்சை ஜில்லாவிலேயே தங்கி வேலை செய்வது என்று முடிவெடுத்தார்கள். ஜெகந்நாதன் அப்போது சர்வோதய இயக்கத்தில் அகில இந்திய அளவில் அறியப்பட்டவர். சர்வ சேவா சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். அந்த உயரத்திலிருந்து கீழ்த்தஞ்சைச் சேரிக்கு இறங்கி வந்தது சாதாரண முடிவு அல்ல. அதே அளவுக்கு, அந்த மண்ணில் அவர்களுக்குச் சிவப்புக் கம்பளமும் விரிக்கப்படவில்லை. அந்த மக்களுக்காக அடிபட்டு, சிறைப்பட்டு, உயிரையும் கொடுத்தவர்கள் கம்யூனிஸ்டுகள். 'மிராசுதாரரோடு உட்கார்ந்து பேசலாம் என்கிற கதர்ச் சட்டைக்காரர்' மேல் அவர்களுக்கு ஐயம் இருந்ததில் வியப்பில்லை. அந்த ஐயத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இங்கேதான் முதல் பெரிய முறை மாற்றம். கேட்பது போய், மறிப்பது வந்தது. சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1961-ன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வைத்திருந்தது. 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. ஆனால் சட்டத்தில் ஓட்டைகள். அறக்கட்டளை நிலத்துக்கு விலக்கு என்றால் உடனே ஒரு அறக்கட்டளை முளைக்கும். பினாமி பேர்களில் நிலம் பிரியும். பண்ணையில் மாடு மேய்க்கிறவர் பேரிலேயே, அவருக்கே தெரியாமல், சில ஏக்கர் இருக்கும். வலிவலம் பகுதியில் இத்தகைய நிலங்களுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் நடந்தது. பெண்கள் வயலில் இறங்கினார்கள், கைதானார்கள். ஜெகந்நாதன் உண்ணாவிரதம் இருந்தார்.

இந்த முறையின் பலம், அது மறைந்திருந்ததை வெளியே கொண்டுவந்தது. யாருடைய நிலம் எது என்பது ஊர்ப் பேச்சாக ஆனது. பலவீனம், ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு போராட்டம் தேவைப்பட்டது. வயலில் இறங்கிய பெண்ணுக்கு அன்றைய கூலி போகும். பிறகு அந்தப் பண்ணையில் வேலையும் போகும். ஜெயிலுக்குப் போய்த் திரும்பும் தலைவருக்கு மாலை. திரும்பி வரும் கூலிக்காரிக்கு அடுப்பில் பூனை.

நடுவே ஒரு பீகார் அத்தியாயம். 1970களின் நடுவில் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கத்தில் இருவரும் சேர்ந்தார்கள். அவசரநிலையில் ஜெகந்நாதன் சிறைக்குப் போனார். விடுதலைக்குப் போராடி வெள்ளைக்காரன் சிறையில் இருந்தவர், விடுதலை பெற்ற நாட்டின் சிறையிலும் இருந்தார் என்று மேடையில் சொல்வார்கள். அவர் நிலப் போராட்டங்களுக்காக ஏற்கெனவே பலமுறை சுதந்திர இந்தியாவின் சிறையைப் பார்த்தவர்; அவருக்கு அது புதிது இல்லை. புத்தகயா மடத்தின் பெரும் நிலங்களுக்கு எதிரான போராட்டம் அங்கே வலுத்தது. நிலம் பிரியும்போது அது பெண்கள் பேரில் எழுதப்பட வேண்டும் என்ற குரலும் அந்தப் போராட்டத்தில் எழுந்தது.

மேஜைக்கு இரண்டு பக்கமும்

1981-ல் லாஃப்டி தொடங்கப்பட்டது. உழுபவருக்கு நிலத்தின் வழி விடுதலை என்பது பெயரின் பொருள். நாகை அருகே கூத்தூரில் உள்ள வினோபா ஆசிரமம் அதன் மையம். இந்த அமைப்பை ஜெகந்நாதனின் வாழ்க்கைக் கதையில் ஒரு பத்தியாக எழுதுவது நியாயமல்ல. ஏனென்றால் இதன் அன்றாடச் சுமை கிருஷ்ணம்மாளுடையது.

யோசனை இதுதான். நிலத்தை விற்க நினைக்கும் உடைமையாளரையும் நிலமற்ற குடும்பங்களையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது. நியாயமான விலை பேசுவது. வங்கிக் கடன் வாங்கி நிலத்தைக் கிரயம் செய்வது. கூட்டாக உழைத்து விளைச்சலில் கடனை அடைப்பது. பத்திரம் பெண் பேரில்.

சர்வோதயக்காரர்களுக்கு இது சங்கடமான யோசனை. நிலம் காற்றைப் போல, தண்ணீரைப் போல, எல்லோருக்கும் பொது என்று பேசிய இயக்கம் அது. இப்போது விலை பேசுகிறது. இடதுசாரிகளுக்கும் சங்கடம், உழைப்பைச் சுரண்டியவனுக்கே பணமும் கொடுப்பதா? இரண்டு கேள்விகளும் சரியான கேள்விகள். ஆனால் அந்த நேரத்தில் டெல்டாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும். மிராசுதாரர் வீட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டுச் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். ஆளுக்குக் கூலி முன்போலப் படியளந்து முடிக்க முடியவில்லை; சங்கம் இருந்தது. காவிரியில் தண்ணீர் எப்போது வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு நிச்சயமில்லாமல் ஆனது; குறுவையை நம்ப முடியவில்லை. பல குடும்பங்களுக்கு நிலம் சுமையாகத் தெரியத் தொடங்கியிருந்தது. எப்படியும் யாருக்கோ விற்கப் போகிறார்கள். அந்த 'யாரோ' அதே வயலில் நடவு நட்டவளாக இருக்கட்டுமே என்பதுதான் லாஃப்டியின் கணக்கு. தர்க்கமாகப் பார்த்தால் அழகில்லாத கணக்கு. நடைமுறையில் சரியான நேரத்தில் போடப்பட்ட கணக்கு.

முதல் தடை வங்கி. 'செக்யூரிட்டி என்ன?' என்று மேலாளர் கேட்பார். வாங்கப்போகும் நிலத்தையே அடமானமாகக் காட்டலாம். ஆனால் அது இன்னும் இவர்கள் பேரில் இல்லை. இவர்கள் பேரில் வர வேண்டும் என்றால் பணம் வேண்டும். கோழி முதலா, முட்டை முதலா?

இரண்டாவது தடை முத்திரைத்தாள் கட்டணம். நிலத்தின் விலையோடு இதுவும் சேரும்போது ஒரு ஏக்கரின் கணக்கு கூலிக் குடும்பத்தின் கையை மீறிவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் ஐம்பது பெண்கள் வரிசையில் நின்று பெருவிரல் ரேகை வைக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த ஐம்பது ரேகைக்கும் பின்னால் ஐம்பது அடங்கல் நகல், ஐம்பது வில்லங்கச் சான்று, ஐம்பது சர்வே எண். ஒன்றில் உட்பிரிவு எண் தவறினாலும் அந்தப் பெண் திரும்பி வர வேண்டும். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போச்சு. சமூக சேவை என்றால் உரையாற்றுவது என்று நினைக்கிறவர்கள் இந்த வரிசையில் ஒரு நாள் நின்று பார்க்கலாம். பின்னாளில் ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகமான தாட்கோ வழியாக அரசே நிலம் வாங்கும் திட்டம் கொண்டுவந்ததும், முத்திரைத்தாள் கட்டணத்தில் விலக்கு கிடைத்ததும்தான் இந்த வேலையைப் பெரிய அளவுக்கு எடுத்துச் சென்றன. 2007 வாக்கில் சுமார் 13,000 குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம், சுமார் 13,000 ஏக்கர் பெற்றிருந்தன. வெண்மணி மக்களும் அதில் உண்டு.

ஒரு ஏக்கரால் என்ன ஆகும்? தஞ்சைக் கணக்கில் மூன்று மா. சம்பா நன்றாக வந்தால் வீட்டுச் சாப்பாட்டு நெல் தேறும். அதை வைத்துக் கடனும் அடைத்து, பெண்ணும் கட்டிக் கொடுத்து, வருடம் முழுவதும் ஓட்ட முடியாது. இது லாஃப்டிக்குத் தெரிந்தே இருந்தது. வயல் வேலை இல்லாத மாதங்களுக்குப் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை என்று பயிற்சிக் கூடங்கள் வைத்தார்கள். வீடு கட்டும் வேலையையும் கையில் எடுத்தார்கள். ஆனால் ஒரு ஏக்கரின் பலனை நெல் மூட்டையில் மட்டும் எண்ணுவது தப்பு. குதிரில் மூன்று மாத நெல் இருக்கிற பெண், 'இந்தக் கூலிக்கு நாளைக்கு நடவுக்கு வர மாட்டேன்' என்று சொல்ல முடியும். குதிர் காலியாக இருக்கிறவளால் முடியாது. பக்கத்து வயல்களின் கூலியும் அதனால் அசைகிறது. பத்திரம் பெண் பேரில் இருப்பதால் சாராயக் கடைக்காரனிடம் அடகு வைப்பது கணவனுக்கு அவ்வளவு எளிதில்லை. இந்த இரண்டையும் எந்த வரவு செலவுக் கணக்கிலும் பார்க்க முடியாது.

குறை என்னவென்றால் அளவு. டெல்டாவின் நிலமற்ற குடும்பங்களின் தொகையோடு வைத்துப் பார்த்தால் 13,000 என்பது கடலில் ஒரு தோண்டி. ஒவ்வொரு கிரயமும் விற்க மனம் வந்த உடைமையாளரை நம்பியிருக்கிறது. மனம் வராதவரிடம் இந்த முறைக்குப் பதில் இல்லை. அதைவிட, விற்க மனம் வந்தவருக்கு வேறொரு ஆள் இரட்டிப்பு விலை சொன்னால்?

அந்த ஆள் 1990களின் தொடக்கத்தில் வந்தான்.

உப்பு

தாராளமயம் வந்ததும் கடலோர மாவட்டங்களில் இறால் பண்ணைக் கம்பெனிகள் இறங்கின. வெளிநாட்டுச் சந்தையில் வரி இறாலுக்கு நல்ல விலை. நாகை கடற்கரையை ஒட்டிய நிலம் தரகர்கள் வழியாக மளமளவென்று கை மாறியது. அதில் உப்பு நிலமும் இருந்தது, நெல் விளைந்த நிலமும் இருந்தது.

ஒரு இறால் குட்டை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ஊர் ஏன் கொதித்தது என்பது புரியும். நிலத்தைத் தோண்டிக் கரை கட்டுவார்கள். கடலிலிருந்தோ உப்பனாற்றிலிருந்தோ பம்ப் வைத்து உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். உப்பின் அளவைக் குறைக்க ஆழ்குழாய்க் கிணறு போட்டு நல்ல தண்ணீரை உறிஞ்சிக் கலப்பார்கள். குஞ்சு விட்டு, தீவனம் போட்டு, காற்றுக்காகச் சக்கரம் சுற்ற விடுவார்கள். அறுவடை முடிந்ததும் தீவன மிச்சமும் கழிவும் மருந்தும் கலந்த தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்து விடுவார்கள். மேலே நிற்கும் உப்புத் தண்ணீர் பக்கத்து வயலுக்குக் கசிகிறது. கீழே நல்ல தண்ணீர் உறிஞ்சப்பட்ட இடத்துக்குக் கடல் நீர் வருகிறது. முதலில் கை பம்பில் வரும் தண்ணீர் கரிக்கும். அடுத்து வரப்பில் வெள்ளை பூக்கும். அடுத்த சம்பாவில் நாற்று மஞ்சளாகி நிற்கும். மீனவர்களுக்கு வேறு கஷ்டம்: கடலுக்குப் போகும் பாதையில் வேலி.

வேலைவாய்ப்பு என்ற பேச்சும் இருந்தது. ஒரு வயலுக்கு நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு, களத்தடி என்று ஆண்டு முழுக்க பெண்களின் கை வேண்டும். குட்டைக்குத் தேவை சில ஆட்கள்: பம்ப் பார்க்க, தீவனம் போட, இரவில் காவல் காக்க. நடவுப் பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

ஜெகந்நாதன் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். நடந்தார், உண்ணாவிரதம் இருந்தார், மக்களைத் திரட்டினார். ஆனால் இங்கே பழைய முறைகள் ஒன்றும் கடிக்கவில்லை. தானம் கேட்க எதிரில் தகப்பன் இல்லை. கம்பெனி இருக்கிறது, அதன் முகவரி வேறு ஊரில். மறித்து உட்கார்ந்தால் போலீஸ் வருகிறது, உரிமையாளர் வருவதில்லை. விலை கொடுத்து வாங்கும் போட்டியில் லாஃப்டி நிற்கவே முடியாது. நிலவுடைமையாளரின் மனசாட்சியோடு பேசிப் பழகிய ஒருவருக்கு, பேசுவதற்கு மனசாட்சி உள்ள ஆளே எதிரில் இல்லாத நிலை. அவருடைய நீண்ட வாழ்க்கையில் இதுதான் உண்மையான திருப்பம் என்பேன். 1930-ஐ விடவும், வெண்மணியை விடவும்.

கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற பொறுப்பில் 1994-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். வழக்கின் பெயர் எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய அரசு; அவர் பெயர் அங்கே அப்படித்தான் பதிவானது. நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நீதிமன்றம் ஆய்வுக்கு அனுப்பியது. அவர்களுடைய அறிக்கை சேதத்தைப் பணக் கணக்கிலேயே போட்டுக் காட்டியது: தமிழ்நாட்டில் இறால் பண்ணைகளால் வரும் வருமானத்தைப் போல ஒன்றரை மடங்கு சேதம், ஆந்திரத்தில் நான்கு மடங்கு. அன்னியச் செலாவணி என்ற ஒரே சொல்லால் வாயடைக்கப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு பதில் சொன்னது.

1996 டிசம்பர் 11-ல் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், பாரம்பரிய முறைகளைத் தவிர, இறால் பண்ணை இருக்கக் கூடாது. இருப்பவை 1997 மார்ச் 31-க்குள் இடிக்கப்பட வேண்டும். சில்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் கூடாது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம் எதையும் பண்ணையாக மாற்றக் கூடாது. கெடுத்தவர் ஈடு செய்ய வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளருக்கு வழக்கமான இழப்பீட்டோடு ஆறு ஆண்டுச் சம்பளமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு கிராமத்து முதியவர் போட்ட மனுவுக்குக் கிடைத்த தீர்ப்பு என்று பார்த்தால் வாய் பிளக்க வைப்பது. சுற்றுச்சூழல் சட்ட வகுப்புகளில் இன்றும் அது பாடம்.

தரையில் என்ன ஆனது என்பது வேறு கதை. மறு ஆய்வு மனுக்கள் போயின. 1997 மார்ச்சில் இடிப்புக்குத் தடை வந்தது. நாடாளுமன்றத்தில் தீர்ப்பைத் தாண்டிச் செல்ல ஒரு மசோதா வந்தது, உடனே சட்டமாகவில்லை. இறுதியில் 2005-ன் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், உரிமம் பெற்ற பண்ணைகளுக்குக் கடற்கரை மண்டல விதியிலிருந்து வழி விட்டது. அதுவும் பின்தேதியிட்டு. வழக்கில் வென்றவர், சட்டம் எழுதும் இடத்தில் தோற்றார். இதற்கிடையே 1994, 95-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து கிழக்குக் கடற்கரையில் ஏராளமான குட்டைகளைக் காலி செய்தது. நீதிமன்றத்தின் உத்தரவு மூடாத பல பண்ணைகளை ஒரு வைரஸ் மூடியது. 2009-க்குப் பிறகு வனாமி என்ற வேறு வகை இறால் வந்து, குட்டைகளில் மறுபடி தண்ணீர் ஏறியது.

வழக்கால் ஒன்றும் கிடைக்கவில்லையா என்றால், அப்படியும் இல்லை. உரிமம், பதிவு, கழிவுநீர்த் தொட்டி, குடிநீர் ஆதாரத்திலிருந்து தூரம் என்று இன்று இருக்கும் விதிகளெல்லாம் அந்த வழக்கு பிடித்து இழுத்ததால் வந்தவை. ஊரில் ஒருவர் கலெக்டருக்கு மனு எழுதும்போது அந்தத் தீர்ப்பின் பெயரை இன்னும் எழுதுகிறார். ஆனால் 1996-ல் சொன்னது நடந்ததா என்றால், இல்லை.

2008-ல் இருவருக்கும் சேர்த்து ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. மாற்று நோபல் என்று பத்திரிகைகள் எழுதும் விருது. கிருஷ்ணம்மாளுக்கு 1989-ல் பத்மஸ்ரீ, 2020-ல் பத்மபூஷண். ஜெகந்நாதன் இறந்த பிறகும் அவர் கூத்தூர் வேலையை விடவில்லை.

கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி என்று நான்கெல்லை எழுதுவார்கள். வடக்கே வாய்க்கால், தெற்கே பொதுப்பாதை, மேற்கே இன்னார் நஞ்சை, கிழக்கே இன்னார் நஞ்சை. கடற்கரைப் பக்கத்து ஊர்களில் அந்தப் பெண்கள் பெட்டியைத் திறந்து காட்டும் சில பத்திரங்களில் 'கிழக்கே நஞ்சை' என்று எழுதியிருக்கும் இடத்தில் இப்போது சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். சம்பா நாற்று விடுவதற்கு முன்னால் வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்கு மடை திறக்கிறார்கள்.